ஹட்டன் டவுனில் போட்ட ஒரு வருட நிலையான வைப்பு: என் விமர்சனம்

வங்கியின் பெயரைச் சொல்லப் போவதில்லை, அந்த நேரத்தில் இலங்கையில் எந்த வங்கியில் போட்டிருந்தாலும் கதை ஏறக்குறைய இதுதான்.

சேவைக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. படிவம் தமிழில் இருந்தது, கவுண்டரில் இருந்த பிள்ளை அம்மாவை உட்கார வைத்துப் பொறுமையாக விளக்கியது. தோட்டத்தில் கொழுந்தெடுத்து ஓய்வு பெற்ற அம்மாவின், சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த சேமலாபக் காசு 5 லட்சத்தை 2021 செப்டம்பரில் 6 வீத வட்டிக்குப் போட்டோம். அடுத்த செப்டம்பரில் சொன்னபடியே 5 லட்சத்து 30 ஆயிரம் வந்தது, ஒரு சதம் குறையவில்லை.

இனி கணக்கைப் பாருங்கள். 2022 செப்டம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். அம்மா கையில் வாங்கிய 5,30,000 ரூபாயை முந்தைய வருட விலையில் மதித்தால் ஏறக்குறைய 3 லட்சத்து 12 ஆயிரம்தான் வரும். அதுவும் கொழும்புக் கணக்கு. லயத்துக் குடும்பத்தின் செலவில் பெரும்பங்கு சாப்பாடு, அந்த மாதம் உணவுப் பணவீக்கம் மட்டும் 94.9 வீதம். மண்ணெண்ணெய் லீற்றர் போட்ட நேரம் 77 ரூபாயாக இருந்தது, பிறகு 87, 2022 ஆகஸ்டில் ஒரே அடியாக 340. போட்ட அன்று அந்தக் காசுக்கு 6,490 லீற்றர் வாங்கியிருக்கலாம், எடுத்த அன்று 1,550 சொச்சம், அதுவும் கிடைத்தால்!

போன காசு எங்கே போனது என்றால், வங்கிக்காரன் சாப்பிடவில்லை. நம் வைப்புகளில் கணிசமான பங்கை வங்கிகள் திறைசேரி உண்டியலாகவும் (ஒரு வருடத்துக்குள் திருப்பும் கடன் பத்திரம்) முறியாகவும் (பல வருடக் கடன் பத்திரம்) அரசாங்கத்துக்குக் கடன் கொடுக்கின்றன. 2020 நடுவிலிருந்து ஒரு வருடத்துக்கு மேல் மத்திய வங்கி கொள்கை வட்டியை, அதாவது வங்கிகள் தன்னிடம் போடும் காசுக்கும் வாங்கும் கடனுக்கும் உள்ள வட்டியை, 4.5, 5.5 வீதத்தில் வைத்திருந்தது. உண்டியல் ஏலத்தில் இதற்கு மேல் வட்டி தரமாட்டோம் என்று உச்ச வரம்பும் போட்டது, அந்த வட்டிக்கு ஆள் வராத மிச்சத்தைக் காசு அச்சடித்துத் தானே வாங்கிக்கொண்டது. டொலர் 203 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது, காசை வெளியே அனுப்பவும் கட்டுப்பாடு. ஆக நம் காசுக்கு வேறு போக்கிடம் இல்லை, உள்ளே வட்டியும் இல்லை. பொருளியலில் இதற்கு நிதி ஒடுக்குமுறை என்று பெயர், 1973இல் மெக்கினன், ஷா என்ற பொருளியலாளர்கள் புழக்கத்துக்குக் கொண்டு வந்தது. சீட்டுப் பிடிக்கிறவர்களுக்கு இது உடனே பிடிபடும்: விலை ஏறுகிற காலத்தில் முதல் சீட்டை எடுத்தவனுக்கு லாபம், கடைசிச் சீட்டுக்குக் காத்திருந்தவனுக்கு நட்டம். இங்கே முதல் சீட்டை எடுத்தது அரசாங்கம்.

நம் ஆட்கள் கண்டுபிடித்த வித்தையும் இல்லை இது. இரண்டாம் உலகப் போர் கடனை அமெரிக்கா பெருமளவு இப்படித்தான் கரைத்தது. 1942இலிருந்து 1951 வரை நீண்டகால முறி வட்டியை 2.5 வீதத்துக்கு மேல் விடவில்லை, விலைவாசியோ அதைத் தாண்டி ஓடியது. வங்கிகள் வைப்புக்குக் கொடுக்கும் வட்டிக்கும் உச்ச வரம்பு இருந்தது. 1946இல் நாட்டின் வருட உற்பத்தியை விடக் கூடுதலாக இருந்த கடன் 1974இல் அதில் கால்வாசிக்கும் கீழே வந்தது (பொருளாதாரமும் வளர்ந்தது, அதையும் சொல்ல வேண்டும்). நம் நாட்டில் இது பாதிதான் பலித்தது. ரூபாய்க் கடன் கரைந்தது, டொலர்க் கடன் கரையவில்லை. 200 ரூபாயாக இருந்த டொலர் 2022 மேயில் 360க்குப் போனபோது அந்தக் கடன் ரூபாய்க் கணக்கில் ஊதிப் பெருத்தது. ஏப்ரல் 12ஆம் திகதியே வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தாயிற்று.

வங்கியின் மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி வட்டியை ஒரே நாளில் 7 வீதப் புள்ளி ஏற்றியதும் வைப்பை முறித்துப் புதிதாகப் போடலாமா என்று கேட்கப் போனோம். முறித்தால் இதுவரை சேர்ந்த வட்டியில் பெரும்பகுதி போய்விடும் என்றார்கள். போடும்போது இதைச் சொன்னதாக நினைவில்லை, படிவத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததாம்.

இத்தனைக்குப் பிறகும் மட்டமான சரக்கு என்று எழுத முடியவில்லை. முதிர்ந்த காசை அதே கவுண்டரில் 20 வீதத்துக்கு மேல் வட்டிக்கு மறுபடி ஒரு வருடம் போட்டோம். 2023 செப்டம்பரில் பணவீக்கம் 1.3 வீதத்துக்கு இறங்கியிருந்தது. வட்டியில் 5 வீதம் வரி பிடித்த பிறகும் நல்ல லாபம், ஆனால் முதல் வருடம் போனதில் பாதிகூடத் திரும்பவில்லை.

சேமலாப நிதியில் காசு கிடந்தவர்களுக்கு அந்த வழியும் இல்லை. 2022க்கு அந்த நிதி கொடுத்தது 9 வீதம். 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது வங்கி வைப்பைத் தொடவில்லை, சேமலாப நிதி வைத்திருந்த முறிகளின் தவணையைத்தான் நீட்டினார்கள், வட்டி 2025 வரை 12 வீதம், அதற்குப் பிறகு 9. நாட்சம்பளத்தில் பிடித்த காசு, ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயது வரை இஷ்டப்படி எடுக்கவும் முடியாது.

இப்போது போடலாமா என்று கேட்டால், போடலாம், 3 மாதம் 6 மாதமாக. 2023ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய வங்கி அரசாங்கத்திடம் நேரடியாக உண்டியல் வாங்க முடியாது, பணவீக்க இலக்கும் 5 வீதம். கையில் கொஞ்சம் பெரிய தொகை இருந்தால் திறைசேரி உண்டியல் வட்டியையும் விசாரித்து ஒப்பிட்டுப் பாருங்கள். போனமுறை போனபோது அந்தப் பிள்ளை 5 வருடத் திட்டம் ஒன்றை எடுத்து நீட்டியது, வட்டியும் கொஞ்சம் கூடத்தான். அம்மா வேண்டாம் என்று விட்டார்.