நிக்கான் இசட் எஃப்: பற்றுள்ளவர்களுக்காகச் செய்த கேமரா

நிக்கான் நிறுவனம் 2023 செப்டம்பரில் அறிவித்த இசட் எஃப், 1982இல் வெளிவந்த எஃப்எம்2 என்ற ஃபிலிம் கேமராவின் முகச்சாயலில் செய்யப்பட்ட ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கேமரா; அதாவது, 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் கொண்ட, உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத கேமரா. உள்ளே இருப்பவை 24.5 மெகாபிக்சல் சென்சாரும் எக்ஸ்பீட் 7 செயலியும். வெளியே தெரிபவை பித்தளை டயல்களும், பழைய எழுத்து வடிவில் நெற்றியில் பதித்த நிக்கான் பெயரும். அந்தப் பெயரைப் பார்த்த மாத்திரத்தில் மனம் இளகுகிறவர்களை நினைத்தே இதைச் செய்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. நானும் அவர்களில் ஒருவன். சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைக் கோயில்களிலும் உறவினர் வீட்டுத் திருமணங்களிலும் பல ஆண்டுகளாக நிக்கானையே தோளில் சுமந்து வருபவன் என்ற முறையில், பழையதைக் கைவிட மாட்டேன் என்று தன்மீது பற்று வைத்தவர்களுக்கு இந்தக் கேமரா கொடுக்கும் வாக்கை எவ்வளவு தூரம் காப்பாற்றுகிறது என்று பார்ப்பதே இதற்குரிய மதிப்பீடு என்று கருதுகிறேன்.

கேனான்காரர், நிக்கான்காரர், சோனிக்காரர் என்று நம்மவர்கள் கட்சி பிரிந்து வாதிடுவதைத் தைப்பூச ஊர்வலப் பாதையின் ஓரத்தில் சற்று நேரம் நின்றாலே கேட்கலாம். அந்த வாதத்தின் வேர் மவுண்டில், அதாவது லென்ஸைக் கேமராவில் பூட்டும் வளையத்தில், இருக்கிறது. நிக்கான் 1959இல் கொண்டுவந்த எஃப் மவுண்டை அரை நூற்றாண்டுக்கும் மேலாக விடாமல் வைத்திருந்தது. கேனானோ 1987இல் தன் எஃப்டி மவுண்டைக் கைவிட்டு, ஃபோகஸ் மோட்டாரை லென்ஸுக்குள்ளேயே வைக்கும் ஈஎஃப் மவுண்டுக்கு மாறியது. எஃப்டி லென்ஸ்களில் பணம் போட்டிருந்தவர்கள் அன்று கொதித்துப் போனார்கள் என்றாலும், பின்னாளில் விளையாட்டரங்குகளில் கேனானின் வெள்ளை லென்ஸ்கள் வரிசைகட்டி நிற்பதற்கு அந்தத் துணிச்சலே காரணம். கோனிகா மினோல்டாவின் கேமராத் தொழிலை 2006இல் எடுத்துக்கொண்ட சோனி, 2013இல் ஏ7 வரிசையைத் தொடங்கி இருவரையும் அசைத்தது. முடிவில் 2018இல் நிக்கானும் இசட் என்ற புதிய மவுண்டுக்கு வந்து சேர்ந்தது. பழைய லென்ஸைக் கைவிடாத நிறுவனம் என்பதையே பெருமையாகச் சொல்லி வந்த நிக்கான்காரர்களுக்கு அது லேசான செய்தியாக இருக்கவில்லை. இசட் எஃப் அந்த மனத்தாங்கலுக்கு மருந்தாக வந்தது.

முதலில் அது நிறைவேற்றிய பங்கைச் சொல்கிறேன். ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்), எக்ஸ்போஷர் திருத்தம் (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது) ஆகிய மூன்றுக்கும் மேல்தட்டில் தனித்தனி டயல்கள் இருக்கின்றன. ஷட்டர் டயலைத் திருப்பினால், ஒவ்வொரு படியிலும் விரல் நுனிக்குத் தெளிவான ஒரு நிறுத்தம் தெரிகிறது. எண்கள் வெறும் வண்ணப் பூச்சாக இல்லாமல் உலோகத்தில் செதுக்கப்பட்டிருப்பதை நகத்தால் தடவியே உணரலாம். கேமராவை முடுக்குவதற்கு முன்பே, மேலிருந்து ஒரு பார்வை பார்த்தால் இந்த மூன்று அளவுகளும் கண்ணில் படுகின்றன. திருமண மண்டபத்தின் வெளிச்சத்திலிருந்து வாசல் வெயிலுக்கு மாப்பிள்ளையைப் பின்தொடர்ந்து ஓடும்போது, இது அழகுக்கான ஏற்பாடாக மட்டும் இல்லாமல் வேலைக்கும் உதவுவதைக் கண்டேன். ஷட்டர் டயலுக்கு அடியிலுள்ள சிறு நெம்புகோலைத் தள்ளினால் கேமரா உடனே கருப்பு வெள்ளைக்கு மாறி, வியூஃபைண்டரிலும் அப்படியே காட்டுகிறது. கோயில் மண்டபத்தின் பலவண்ணச் சுதைச் சிற்பங்களுக்கு நடுவே ஒரு முதியவரின் முகத்தை மட்டும் கவனிக்க நினைக்கும் நேரத்தில் அதன் அருமை புரியும்.

இதைவிடப் பெரிய நன்மை ஒன்று கேமராவின் உள்ளே இருக்கிறது. எஃப்எம்2 காலத்து ஏஐ வகை லென்ஸ்களை (கையால் மட்டுமே ஃபோகஸ் செய்யும் நிக்கான் லென்ஸ்கள்), எஃப் மவுண்ட் லென்ஸை இசட் மவுண்டில் மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டர் மூலம் இதில் பொருத்தி, கையால் ஃபோகஸ் செய்யும்போதும், கேமரா முகத்தையும் கண்ணையும் தானே அடையாளம் கண்டு ஒரு சிறு கட்டம் போட்டுக் காட்டுகிறது. பெரிதாக்கும் பொத்தானை அழுத்தினால் திரையின் நடுப்பகுதிக்குப் போகாமல் நேராக அந்தக் கண்ணுக்கே போய் நிற்கிறது. அபிஷேக நேரத்தில் புகையும் விளக்கொளியும் கலந்த கருவறை வாசலில், அர்ச்சகர் அனுமதித்த தூரத்தில் நின்று, பழைய 50 மில்லிமீட்டர் லென்ஸின் வளையத்தை மெல்லத் திருப்பிக்கொண்டே வரும்போது, பக்தர் ஒருவரின் இமைமயிர் ஒவ்வொன்றாகத் தெளிந்து வருவதைப் பார்த்தேன். அந்த லென்ஸின் குவியத் தூரத்தை மெனுவில் ஒருமுறை பதிந்துவிட்டால், கேமராவுக்குள் இருக்கும் அதிர்வுத் தடுப்பும் அதற்கு வேலை செய்கிறது. எந்தத் துளை அளவில் படம் எடுத்தோம் என்பது மட்டும் கோப்பில் பதிவாகாது. நாற்பது வயதான ஒரு லென்ஸுக்கு அது பிறந்த காலத்தில் கிடைக்காத கண்ணை இந்தக் கேமரா கொடுத்திருக்கிறது. நிக்கான் தன் பழைய வாடிக்கையாளருக்குச் செய்திருக்கும் உண்மையான மரியாதை என்று இதையே சொல்வேன்.

வாக்குத் தவறிய இடமும் லென்ஸ்தான். நிக்கான் 1986 முதல் பல ஆண்டுகள் விற்ற ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களில் பெரும்பாலானவற்றுக்கு மோட்டார் கிடையாது. கேமராவின் மோட்டார் ஒரு சிறு திருகின் வழியாக லென்ஸைச் சுழற்றும். நம் ஊர்த் திருமணப் படக்காரர்கள் பலர் இன்னும் டிரை கேபினட்டில் (ஈரத்தைத் தடுக்கும் அலமாரியில்) பத்திரமாக வைத்திருக்கும் 80-200 எஃப் 2.8, 85 எஃப் 1.4 போன்ற டி வகை லென்ஸ்கள் இந்த இனத்தைச் சேர்ந்தவை. எஃப்டிஇசட் அடாப்டரிலும் அதன் இரண்டாம் பதிப்பிலும் அந்த மோட்டார் இல்லை என்பதால், இசட் எஃப்பில் இவை கையால் மட்டுமே ஃபோகஸ் ஆகும். எஃப் மவுண்டில் சென்சாருக்கும் மவுண்டுக்கும் இடையே 46.5 மில்லிமீட்டர், இசட் மவுண்டில் 16 மில்லிமீட்டர், இடையில் 30.5 மில்லிமீட்டர் இடம் இருக்கிறது. அந்த இடத்துக்குள் ஒரு மோட்டாரை வைக்க நிக்கான் முன்வரவில்லை. 2013இல் இதே பழைமைத் தோற்றத்தில் வந்த டிஎஃப் கேமராவில், 1977க்கு முந்தைய லென்ஸ்களையும் மாட்டுவதற்காக மவுண்டின் ஓரத்தில் மடங்கும் நெம்புகோல் ஒன்றை வைத்தவர்கள் இவர்களே. டி வகை லென்ஸ்களுக்கான மோட்டாரும் அதில் இருந்தது. தோற்றத்தில் பழையதை இவ்வளவு நேர்த்தியாக மதித்தவர்கள், பத்து ஆண்டுகள் கழித்து அந்தத் தலைமுறைக்காரரின் முதலீட்டை வழியிலேயே விட்டுவிட்டது எனக்கு வருத்தம் தருகிறது.

பிடிப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பேட்டரி, நினைவக அட்டையுடன் 710 கிராம் எடையுள்ள உடலுக்கு முன்பக்கம் பிடி என்று சொல்ல ஒரு மெல்லிய மேடு மட்டுமே உண்டு. 40 எஃப் 2 போன்ற சிறு லென்ஸுடன் கச்சிதமாக உட்காரும் கேமரா, 805 கிராம் எடையுள்ள 24-70 எஃப் 2.8 லென்ஸை மாட்டியவுடன் மணிக்கட்டை இழுக்கிறது. வியர்வையில் கை வழுக்கும் நம் ஊர்ப் பிற்பகலில் தனிப் பிடி ஒன்றை வாங்கிப் பூட்டாமல் தீராது. இரண்டாவது அட்டைக்கு மைக்ரோ எஸ்டியை வைத்திருப்பதும், இரண்டையும் அடியிலுள்ள பேட்டரிக் கதவுக்குள் தள்ளியிருப்பதும் கட்டணம் வாங்கித் திருமணம் எடுப்பவர்களுக்கு ஏற்றதல்ல. ஃபோகஸ் புள்ளியை நகர்த்த ஜாய்ஸ்டிக்கும் இல்லை. நிக்கானின் மற்ற கேமராக்களில் பல ஆண்டுகள் பழகிய கைக்கு அதனாலேயே இது சில நாள் அந்நியமாகப் படும்.

கேனான்காரரும் சோனிக்காரரும் இதன் முகத்துக்காகவே கட்சி மாறலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள். வேண்டாம் என்பதே என் பதில். நிக்கான் தன் சென்சார்களில் பலவற்றைச் சோனியிடமிருந்து பெறுவது எல்லோரும் அறிந்தது. சோனி பங்கு வைத்திருக்கும் டாம்ரான், 2022இல் 70-300 லென்ஸை இசட் மவுண்டுக்கும் வெளியிட்டது. நாம் மேசையைத் தட்டிச் சண்டை போடும் நிறுவனங்கள் தமக்குள் வியாபாரம் செய்துகொண்டுதான் இருக்கின்றன. எடுத்த படத்தைப் பெரிதாக அச்சிட்டுச் சுவரில் மாட்டிய பிறகு, எந்தக் கட்சிக் கேமராவில் எடுத்தது என்று சொல்லக்கூடியவரை நான் பார்த்ததில்லை. மாறினால் உண்மையில் இழப்பது கைப்பழக்கத்தை: கேனானின் ஜூம் வளையம் ஒரு பக்கம் திரும்பும், நிக்கானுடையது எதிர்ப்பக்கம் திரும்பும், லென்ஸை மாட்டிக் கழற்றும் திசையும் அப்படியே. தாலி கட்டும் விநாடியில் வளையத்தைத் தவறான பக்கம் திருப்பினால் அந்த விநாடி போனது போனதுதான். இருக்கும் லென்ஸ்களை விற்றுப் புதியன வாங்கும்போது ஏற்படும் நட்டம் இதற்கு மேல். டயல்கள்தாம் வேண்டும் என்றால் ஃபியூஜிஃபிலிமும் அவற்றைக் கொடுக்கிறது.

ஏஐ லென்ஸ்களை வைத்திருக்கும் நிக்கான்காரருக்கும், கையால் ஃபோகஸ் செய்வதில் இன்பம் காண்பவருக்கும், இதைவிட நல்ல டிஜிட்டல் உடலை இன்று நிக்கானின் வரிசையில் என்னால் காட்ட முடியவில்லை. டி வகை லென்ஸ்களை நம்பியிருப்பவர் அவற்றை ஃபோகஸ் மோட்டார் உள்ள பழைய டிஎஸ்எல்ஆர் (கண்ணாடி உள்ள டிஜிட்டல் கேமரா) உடலிலேயே பயன்படுத்துவது மேல். முடிவெடுக்கும் முன் பெனின்சுலா ஷாப்பிங் சென்டரிலோ பெனின்சுலா பிளாசாவிலோ உள்ள கடைகளுக்குத் தம் சொந்த லென்ஸையும் எடுத்துச் சென்று, அனுமதி கேட்டு, அடாப்டருடன் மாட்டிப் பார்க்க வேண்டும்; கடையின் 40 மில்லிமீட்டர் லென்ஸுடன் தூக்கிப் பார்த்தால் பிடிப்பின் குறை தெரியாது. விலை கேட்கும்போது லோக்கல் செட்டா, உள்ளூர் உத்தரவாதம் இல்லாத எக்ஸ்போர்ட் செட்டா என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடையே நூறு இருநூறு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வித்தியாசம் சொன்னாலும், சிங்கப்பூர் உத்தரவாத அட்டை உள்ள லோக்கல் செட்டையே நான் தேர்ந்தெடுப்பேன்.