ஜன்னலில் திராட்சைத் தோட்டம்: எச்.டி.ஆரா, ஃப்ளாஷா?

கலிஃபோர்னியாவின் சோனோமாவில் விடுமுறைக்கு வீடு தேடுகிறவர் காசைக் கட்டுவது பெரும்பாலும் ஜன்னலுக்கு வெளியே தெரியும் கொடி வரிசைகளுக்காகத்தான். அதனால் வாடகை விளம்பரத்துக்கு அந்த வீட்டை எச்.டி.ஆர்., ஃப்ளாஷ் என்று எந்த முறையில் படமெடுத்தாலும் அந்த ஜன்னல் என்ன ஆகிறது என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

எச்.டி.ஆர். (இருட்டாகவும் வெளிச்சமாகவும் எடுத்த பல ஷாட்களை ஒரே படமாக்கும் முறை) என்றால் கேமராவை ட்ரைபாடில் வைத்து, இரண்டு ஸ்டாப் இடைவெளியில் (அதாவது ஒவ்வொரு ஷாட்டுக்கும் வெளிச்சம் நான்கு மடங்கு மாறும்படி) ஐந்து ஷாட் எடுத்தால் போதும், மென்பொருள் சேர்த்துக் கொடுத்துவிடும். லைட் எதையும் தூக்காமல் ஒரே ஆள் பெரிய வீட்டையும் மளமளவென்று முடித்துவிடலாம். ஆனால் மதியத்துக்கு மேல் பெட்டலூமா கணவாய் வழியாகக் கடல்காற்று கிளம்பிவிட்டால் கொடிகள் ஆடத் தொடங்கும், ஒவ்வொரு ஷாட்டிலும் இலை வேறு வேறு இடத்தில் இருக்கும், சேர்த்த படத்தில் தோட்டமே பச்சைக் கூழாகிவிடும். நிறமும் படுத்தும்: உள்ளே 2700 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு; குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம்) பல்பு, வெளியே 5500-ஐ ஒட்டிய பகல் வெளிச்சம், நடுவில் வெள்ளைச் சுவர் பாதி மஞ்சள், பாதி நீலம்.

ஃப்ளாஷ் முறையில் மூன்று ஷாட். அறை வெளிச்சத்தில் ஒன்று, ஃப்ளாஷைக் கூரையில் பட்டுத் திரும்ப வைத்து ஒன்று, வெளி வெளிச்சத்துக்கு அளந்து ஜன்னலுக்காகவே ஒன்று. அப்புறம் போட்டோஷாப்பில் லேயராக அடுக்கி, ஒவ்வொன்றிலும் வேண்டாத பகுதியை மறைக்க மாஸ்க் போட உட்கார வேண்டும், அதில் நேரம் நிறையவே போகும். ஆனாலும் ஜன்னல் ஒரே ஷாட்டிலிருந்து வருவதால் இலை இலையாகத் தெரியும், சுவரும் வெள்ளையாக நிற்கும். என் ஓட்டு இதற்குத்தான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. சோனோமாவிலேயே ரஷ்யன் ரிவர் ஆற்றோரம், கெர்ன்வில் பக்கத்துப் பழைய கேபின்களில் கூரை, சுவர் எல்லாம் ரெட்வுட் பலகை. அங்கே ஃப்ளாஷ் அடித்தால் வெளிச்சம் மரத்தில் பட்டு ஆரஞ்சாகத் திரும்பும், வெள்ளைப் படுக்கை விரிப்பு காவியாகிவிடும். பல்புகளை அணைத்துவிட்டு எச்.டி.ஆர். எடுப்பதே நல்லது, வெளியே பெரும்பாலும் காடுதான் என்பதால் ஜன்னலிலும் பெரிய நஷ்டமில்லை.

லென்ஸில் எனக்குக் குழப்பமே இல்லை. ஃபுல் ஃப்ரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) கேமராவில் 16 மி.மீ. லென்ஸ் போட்டால் அறை மண்டபமாகும், தூரத்து மாயகாமஸ் மலை மண்மேடாகும். 24-இல் அறை அறையாகவும் மலை மலையாகவும் இருக்கும்.

ட்ரோன் கொடி வரிசைகளை அழகாகக் காட்டும், ஆனால் காசுக்குப் பறக்கவிட எஃப்.ஏ.ஏ.வின் (அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம்) பார்ட் 107 ட்ரோன் சான்றிதழ் வேண்டும்.

எந்தப் பருவத்தில் எடுப்பது என்பதிலும் உரிமையாளரிடம் கறாராகப் பேசிவிடுங்கள். குளிர்காலக் கடைசியில், மொட்டைக் கொடிகளுக்கு நடுவே பூத்திருக்கும் கடுகுப்பூ மஞ்சள் எல்லோரையும் இழுக்கும். அதை மட்டும் விளம்பரத்தின் முகப்பில் போட்டால் ஜூலையில் வந்து இறங்குகிற குடும்பம் அந்த மஞ்சளைத் தேடும். கோடையில் இன்னொரு முறை போய் எடுங்கள், ஒவ்வொரு படத்தின் கீழும் மாதத்தை எழுதச் சொல்லுங்கள்.