பாஸ்வேர்டு மறந்த வீட்டுக் கம்ப்யூட்டர்: கடையா, ஆன்லைன் ரீசெட்டா, பென்டிரைவா?

பாஸ்வேர்டு மறந்துபோனால் மதுரையில் பலரும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் போய்விடுகிறார்கள். சாயங்காலம் மெஷின் திறந்த நிலையில் திரும்பி வரும், உள்ளே இருந்ததுதான் வராது. கடைக்காரருக்கு ஃபார்மட் சுலபம். நமக்கு டேட்டாதான் முக்கியம். இந்த ஒரு கணக்கை வைத்தே மூன்று வழிகளையும் பார்க்கிறேன்.

கிளம்பும் முன் ஒரு சோதனை. பாஸ்வேர்டு பெட்டியின் ஓரத்தில் உள்ள கண் படத்தை அழுத்திப் பிடித்து, என்ன விழுகிறது என்று பாருங்கள். விண்டோஸில் தமிழ்99 கீபோர்டு சேர்த்திருந்தால் லாகின் திரையிலும் அது தமிழிலேயே நின்றிருக்கலாம். விண்டோஸ் பட்டனும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலத்துக்கு மாறும். பாதிப் பேரின் ‘மறதி’ இதோடு தீர்ந்துவிடும்.

தீரவில்லையா? விண்டோஸில் நீங்கள் நுழையும் கணக்கு (அக்கவுன்ட்) எந்த வகை என்று தெரிய வேண்டும். தப்பான பாஸ்வேர்டு ஒருமுறை கொடுங்கள். கீழே ‘ஐ ஃபர்காட் மை பாஸ்வேர்டு’ என்று இருந்தால் மைக்ரோசாஃப்ட் கணக்கு, அதாவது நெட் வழியாக மைக்ரோசாஃப்டில் பதிவானது. ‘ரீசெட் பாஸ்வேர்டு’ என்று வந்தால் லோக்கல் கணக்கு, அந்த மெஷினுக்குள் மட்டும் இருப்பது. லோக்கலில் முன்பே மூன்று ரகசியக் கேள்விகள் வைத்திருந்தால் பதில் சொல்லி உள்ளே போய்விடலாம், வேறு எதுவும் தேவையில்லை.

மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் ஆன்லைன் ரீசெட்டைத் தவிர வேறு பேச்சே கிடையாது. போனிலிருந்தே பாஸ்வேர்டை மாற்றலாம். மாற்றியபின் லாகின் திரையில் வைஃபை இணைந்திருக்கிறதா என்று பாருங்கள், நெட் இல்லாவிட்டால் புதிய பாஸ்வேர்டு மெஷினுக்குத் தெரியாது. சிக்கல், அப்போது வரும் சரிபார்ப்பு எண் எந்த நம்பருக்குப் போகிறது என்பதில்தான். வாங்கிய அன்று செட்டப் செய்து கொடுத்த பையனின் நம்பரோ, ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய சிம்மோ பதிவாகியிருக்கும். பழைய தொடர்பு எதுவுமே கையில் இல்லாமல் புது நம்பர் கொடுத்தால் 30 நாள் காத்திருக்கச் சொல்வார்கள். மீட்புப் படிவம் ஒன்று உண்டு, ஆனால் இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்டு வைத்தவர்களுக்கு அது உதவாது.

லோக்கல் கணக்குக்கு என் ஓட்டு பென்டிரைவுக்கே. 8 ஜிபி போதும். லினக்ஸ் மின்ட் என்பது விண்டோஸுக்குப் பதில் பென்டிரைவிலிருந்தே ஓடக்கூடிய இலவச இயங்குதளம். வேறொரு கம்ப்யூட்டரில் ரூஃபஸ் என்ற நிரல் கொண்டு அதைப் பென்டிரைவில் ஏற்றுங்கள். பூட்டிய மெஷினின் லாகின் திரையில் ஷிஃப்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுங்கள். நீலத் திரையில் ‘யூஸ் எ டிவைஸ்’ வந்தால் அதில் பென்டிரைவைத் தேர்ந்தெடுக்கலாம். பூட் மெனுவுக்கு எஃப்9, எஃப்12 என்று பட்டன் தேட வேண்டாம். ஷிஃப்ட் ரீஸ்டார்ட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு. சாதாரண ஷட்டவுனில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதி விண்டோஸைப் பாதித் தூக்கத்தில் விட்டுவைக்கும். அப்போது லினக்ஸ் அந்த டிரைவைப் படிக்க மட்டும் விடும், எழுத விடாது. ‘எல்லாம் சரியாகச் செய்தேன், மாறவே இல்லை’ என்று வரும் புகார்களில் முக்கால்வாசி இதுதான்.

மின்ட் திறந்ததும் பாஸ்வேர்டில் கை வைக்காதீர்கள். முதலில் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கைச் செருகி டேட்டாவைக் காப்பி எடுங்கள். உங்கள் பெயரில் உள்ள ஃபோல்டர் மட்டும் போதாது. விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக் கணக்கை வீட்டில் உட்கார்ந்து டேலிபிரைமில் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மாற்றாமல் விட்டிருந்தால் அந்தக் கணக்கு யூசர்ஸுக்குள் பப்ளிக், அதற்குள் டேலிபிரைம், அதற்குள் டேட்டா என்ற ஃபோல்டரில் கிடக்கும். ‘டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் எல்லாம் எடுத்தாச்சுண்ணே’ என்று கடையில் சொல்லும்போது விட்டுப்போவது அதுதான். சி டிரைவில் நேரடியாகத் தனியாகப் போட்ட ஃபோல்டர்களும் அப்படியே.

காப்பி முடிந்ததும் வைஃபையில் இணைத்து சிஎச்என்டிபிடபிள்யூ என்ற சிறு நிரலை இறக்கிக்கொள்ளுங்கள். விண்டோஸ், சிஸ்டம்32, கான்ஃபிக் என்று உள்ளே போனால் ‘சாம்’ என்ற கோப்பு இருக்கும், கணக்குகளெல்லாம் அதில்தான். நிரலில் உங்கள் பெயரைத் தேர்ந்து 1 அழுத்தினால் பாஸ்வேர்டு காலியாகும். பிறகு க்யூ, அதன்பின் ஒய். கடைசி ஒய் கொடுக்காமல் மூடினால் எதுவும் பதியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் இந்த வித்தை பலிக்காது.

இதிலும் ஒரு இழப்பு உண்டு. பாஸ்வேர்டை இப்படி வெளியிலிருந்து அழித்தால் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் திறக்காமல் போகும். விண்டோஸின் இஎஃப்எஸ் வசதியால் பூட்டிய கோப்புகளும் அப்படியே. கூகுள் கணக்கில் சிங்க் ஆகியிருந்தால் பிரவுசர் பாஸ்வேர்டுகள் திரும்ப வந்துவிடும். பின்னால் பழைய பாஸ்வேர்டு நினைவுக்கு வந்தால் அதையே மறுபடி வையுங்கள், பெரும்பாலும் திறந்துகொள்ளும்.

யூடியூபில் சொல்லும் இன்னொரு தந்திரம், லாகின் திரையில் ஈஸ் ஆஃப் ஆக்சஸ் மெனுவைத் திறக்கும் யூட்டில்மேன் கோப்பின் இடத்தில் கமாண்ட் பிராம்ப்டை வைப்பது. விண்டோஸின் டிஃபெண்டர் ஆன்டிவைரஸ் இதை இப்போது கண்டுபிடித்துத் தடுக்கிறது. சில மெஷினில் நடக்கும், சிலதில் நடக்காது. நம்பி இறங்க மாட்டேன்.

பென்டிரைவும் தோற்கும் இடம் பிட்லாக்கர், அதாவது டிரைவ் முழுவதையும் சாவி போட்டுப் பூட்டும் விண்டோஸ் வசதி. விண்டோஸ் 11-இன் 24எச்2 வெளியீட்டைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், ஹோம் பதிப்பிலும் டிரைவ் தானாகவே பூட்டிக்கொள்கிறது. மின்ட்டில் அந்த டிரைவைத் தொட்டதும் சாவி கேட்டால் அதுதான் விஷயம். அந்தச் சாவி ஆறு ஆறாக எட்டுத் தொகுதி, 48 இலக்கம். பெரும்பாலும் அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கின் சாதனப் பக்கத்தில் இருக்கும். சாவி இல்லாமல் டேட்டா எடுத்துத் தருகிறேன் என்று எந்தக் கடை சொன்னாலும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

டேட்டாவே வேண்டாம், அல்லது காப்பி வெளியே பத்திரமாக இருக்கிறது என்றால் ஃபார்மட் செய்துகொள்ளலாம், அதற்குக் கடையும் தேவையில்லை. ஷிஃப்ட் ரீஸ்டார்ட், டிரபிள்ஷூட், ரீசெட் திஸ் பிசி, ‘ரிமூவ் எவ்ரிதிங்’. ‘கீப் மை ஃபைல்ஸ்’ கணக்கையும் சேர்த்தே வைத்துக்கொள்ளும், மறந்த பாஸ்வேர்டு மறந்ததாகவே இருக்கும். பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளில் ஆரம்பிக்க வேண்டாம். லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகியே வையுங்கள், டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் பேட்டரி எத்தனை நிமிடம் தாங்கும் என்று பார்த்துக்கொண்டு தொடங்குங்கள்.