லைன் வீடா, காலிக் குடோனா, காங்கேயமா? திருப்பூரில் குடியிருக்க மூன்று வழிகள்

திருப்பூரில் வாடகைக்கு வீடு தேடும் பனியன் தொழிலாளர் குடும்பத்தின் முன் இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. ஊருக்குள்ளேயே, வரிசையாகக் கட்டிய ஓரறை லைன் வீட்டில் இருப்பது ஒன்று. பூட்டிக் கிடக்கும் கடையிலோ குடோனிலோ குடியேறுவது இன்னொன்று. காங்கேயம், தாராபுரம், உடுமலை என்று வாடகை குறைந்த ஊருக்குப் போய், அங்கிருந்து வேலைக்கு வந்து போவது மூன்றாவது. வாடகையை மட்டும் பார்த்தால் மூன்றாவதுதான் லாபம் என்று தோன்றும். ஆனால் கூலி ஷிப்டுக் கணக்கில் வருகிற ஊரில், வீடு திரும்பும் நேரத்தையும் வாடகையோடு சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

லைன் வீட்டின் குறைகள் ஊரறிந்தவை. ஓர் அறை, ஒரு சமையல் தடுப்பு, வரிசைக்கெல்லாம் பொதுவான கழிப்பறை. சாயக் கழிவால் கெட்ட நிலத்தடி நீர், 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டு, கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத பூஜ்ய வெளியேற்ற முறைக்கு மாறிய பிறகும் பல பகுதிகளில் சமையலுக்கு ஆகவில்லை. எனவே குழாய்த் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது என்பதை வாடகைக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் அட்வான்ஸை மூன்று மாத வாடகைக்குள் நிறுத்தச் சொல்கிறது; ஆனால் வேறு உடன்பாடு இருந்தால் அது பொருந்தாது என்று விலக்கும் தருகிறது. வீட்டுக்காரருக்கு அந்த விலக்கே போதும்.

காலிக் கட்டடங்களின் கதை வேறு. பணமதிப்பிழப்பு, ஜிஎஸ்டி, கொரோனா என்று அடுத்தடுத்து வந்த அடிகளில் பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்கு வேலை செய்து கொடுக்கும் சிறு ஜாப் ஒர்க் யூனிட்டுகள் பல நின்றுபோயின. வீடு கிடைக்காத ஊரில் இத்தனை ஷட்டர்கள் இறங்கிக் கிடப்பதைப் பார்க்கும் எவருக்கும், இவற்றில் குடும்பங்கள் இருக்கலாமே என்று தோன்றுவது இயல்பு. உள்ளே போய்ப் பார்த்தால் விஷயம் புரியும். ஜன்னல் கிடையாது, காற்று வர வேண்டுமானால் ஷட்டரைப் பாதி தூக்கி வைக்க வேண்டும், தூக்கினால் தெருவில் போகிறவர்களுக்கு அடுப்படியே தெரியும். மேலே தகர ஷீட் என்றால் சித்திரை, வைகாசியில் பகலில் உள்ளே உட்கார முடியாது. மின் இணைப்பு வணிகக் கட்டணத்தில் இருப்பதால், வீடுகளுக்கு இரு மாதத்துக்கு ஒரு முறை கிடைக்கும் 100 யூனிட் இலவச மின்சாரம் அங்கே கிடையாது. ஒப்பந்தத்தில் கடை என்று எழுதிய இடத்தை ரேஷன் கார்டுக்கும் கேஸ் இணைப்புக்கும் முகவரியாகக் காட்டுவதும் எளிதல்ல. பக்கத்து அறைகளில் துணி மூட்டைகள் அடுக்கியிருந்தால் தீப் பயமும் உண்டு. 2023-இல் காதர்பேட்டை பனியன் பஜாரில் கடைகள் எரிந்ததை ஊர் மறந்திருக்காது. கட்டட உரிமையாளரே முறைப்படி பயன்பாட்டு மாற்ற அனுமதி வாங்கி, ஜன்னலும் கழிப்பறையும் வைத்துக் கொடுத்தால் மூன்றில் இதுவே முதலிடம் பெறும், ஏனென்றால் இருப்பது ஊரின் நடுவில். அப்படிச் செய்பவர்கள் அரிது. இப்போதைய நிலையில் தனி ஆட்கள் சில மாதம் தங்கலாமே தவிர, குழந்தைகளோடு போகக் கூடாது.

வெளியூர்களில் வாடகை குறைவு, வாசலும் விசாலம்; அதில் ஐயமில்லை. காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் ரயில் கிடையாது. உடுமலைக்கு உண்டு, ஆனால் அது பொள்ளாச்சி–திண்டுக்கல் தடம் என்பதால் திருப்பூர் வேலைக்கு உதவாது. அங்கிருந்தும் பல்லடம் வழியாகப் பேருந்தில்தான் வர வேண்டும். பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் சாதாரண நகரப் பேருந்துகளில் மட்டுமே என்பதால் வெளியூர்ப் பேருந்துக்கு டிக்கெட் எடுத்தாக வேண்டும். ஆகவே கம்பெனி வேன்தான் துணை. இங்கேதான் கணக்கு இடிக்கிறது. திருப்பூரில் பலரது குடும்பம் ஓடுவது ஒரு ஷிப்டில் அல்ல, அது முடிந்த பிறகும் அரை ஷிப்டு சேர்த்துப் பார்க்கும் ஒன்றரை ஷிப்டில். சாயங்கால வேனைப் பிடிக்க எழுந்து போகிறவர் அந்த அரை ஷிப்டை விட்டுவிட்டுப் போகிறார். வாரத்தில் நான்கைந்து நாள் அப்படி நடந்தால், சனிக்கிழமைச் சம்பளத்தில் விழும் துண்டு மிச்சம் பிடித்த வாடகையைத் தின்றுவிடும்.

கணவனும் மனைவியும் ஒரே கம்பெனியில், ஒரு ஷிப்டு மட்டும் பார்ப்பவர்கள் என்றால் தயங்காமல் காங்கேயத்துக்குப் போகலாம். மூன்று ஊர்களில் அதுவே பக்கம். ஒன்றரை ஷிப்டை நம்பி இருப்பவர்களுக்கு, எத்தனை குறை இருந்தாலும், லைன் வீடே மேல். தாராபுரமும் உடுமலையும் அங்கேயே சொந்தபந்தம் உள்ளவர்களுக்கு மட்டும் சரிப்படும். வேனை நம்பிக் குடிபெயர்கிறவர்கள், வேன் நிற்கும் இடத்துக்கு நடக்கும் தூரத்தில் வீடு பார்ப்பதோடு, அதே சாலையில் வேறு கம்பெனி வேனும் வருகிறதா என்று விசாரித்துவிட்டு அட்வான்ஸ் கொடுப்பது நல்லது. ஆர்டர் குறைந்த மாதத்தில் முதலில் நிற்பது வேன்தான்.