செடித் தொட்டிக் கலங்கலும் பெங்களூரு தண்ணீரும்: பஞ்சு, யூவி, கிளாரிஃபையர் – நீண்ட நாள் உபயோகத்தில்

செடி வளர்க்கும் மீன் தொட்டி கலங்கிவிட்டது என்று சொன்னால் மீன் கடையில் முதலில் நீட்டுவது, தண்ணீரைத் தெளிய வைக்க ஊற்றும் கிளாரிஃபையர் பாட்டில். மண்ணும் கல்லும் போக 50 லிட்டர் பிடிக்கும் இரண்டடித் தொட்டிகளில் அதையும் பஞ்சையும் புற ஊதா ஒளி தரும் யூவி விளக்கையும் வருடக்கணக்கில் ஓட்டிப் பார்த்தால், பாட்டிலுக்கு வேலை சொற்பம் என்பது தெரியும்.

எதையும் வாங்கும் முன் கண்ணாடி டம்ளரில் தொட்டித் தண்ணீரை மொண்டு வெள்ளைத் தாளுக்கு முன்னால் வையுங்கள். பச்சை என்றால் மிதக்கும் பாசி. டீ நிறம் என்றால் தொட்டியில் போட்ட மரக்கட்டையிலிருந்து கசியும் டானின் என்ற சாயம். கெடுதல் இல்லை, பிடிக்கவில்லை என்றால் ஆக்டிவேட்டட் கார்பன் போடலாம். வெண்மை என்றால் டம்ளரை ராத்திரி முழுக்க ஆட்டாமல் விடுங்கள். அடியில் படிந்தால் மண்தூசி. பால் கலந்த மாதிரி அப்படியே நின்றால் பெரும்பாலும் பாக்டீரியா.

தூசிக்குப் பாலியஸ்டர் பஞ்சை மிஞ்ச ஆள் இல்லை. மெத்தைக் கடையில் ரெக்ரான் என்று கேட்டு வாங்குவதே போதும், மருந்து எதுவும் பூசாததாக இருக்க வேண்டும். இலவம்பஞ்சு கூடாது, ஊறி அழுகும். ஃபில்டரில் ஸ்பாஞ்சுக்குப் பின்னால், திணிக்காமல், இரண்டு விரல் கனத்துக்கு வைக்கவும். பழுப்பானதும் எறிந்துவிடுங்கள், அலசிப் போட்டால் இழைகள் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் ஓரமாக நழுவிப் போய்விடும். கிளாரிஃபையர் நுண்தூசியைத் திரட்டத்தான் செய்கிறது. திரண்டதைப் பிடிக்க மறுபடி பஞ்சுதான் வேண்டும். அளவு மீறினால் மீனின் செவுளையும் உறுத்தும்.

பால் கலங்கல்தான் பலரையும் அலைக்கழிப்பது. எங்கோ ஏதோ அழுகுகிறது, அதைத் தின்னும் பாக்டீரியா தண்ணீரில் பெருகியிருக்கிறது. மிஞ்சிய தீனி, செத்த நத்தை என்பதெல்லாம் எல்லா ஊருக்கும் பொது. பெங்களூருவில் கூடுதலாக ஒன்று: சம்ப், அதாவது வீட்டுத் தண்ணீரைச் சேமிக்கும் நிலத்தடித் தொட்டி. காவிரி, போர்வெல், டேங்கர் மூன்றும் அதில்தான் விழுகின்றன. போன வாரம் மென்நீர், இந்த வாரம் கடின நீர் என்று மாறினால் கிரிப்டோகோரைன் மாதிரிச் செடிகள் இலையைக் கரைத்துவிடும். அந்தக் கூழ்தான் கலங்கலுக்குத் தீனி. தண்ணீர் மாற்றும் நாளில் கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை சம்ப் நீரிலும் தொட்டியிலும் முக்கிப் பாருங்கள். ரீடிங் வெகுவாக வித்தியாசப்பட்டால் ஒரே மூச்சில் 30 சதவீதம் மாற்றாமல், பத்துப் பத்தாக இரண்டு மூன்று நாளில் மாற்றலாம். காவிரி நீருக்குக் குளோரின் முறிப்பானும் அவசியம்.

வந்துவிட்ட பால் கலங்கலுக்கு: கரைந்த இலைகளை அடியோடு கிள்ளி எடுங்கள், இரண்டு நாள் தீனியை நிறுத்துங்கள், ஏர் ஸ்டோன் ஓடட்டும். இந்தப் பாக்டீரியா ஆக்சிஜனை இழுத்துவிடுவதால் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். ஃபில்டரைக் கழுவாதீர்கள், குழாய்த் தண்ணீரில் கழுவினால் நல்ல பாக்டீரியாவும் போய், அம்மோனியா ஏறி, கதை முதலிலிருந்து தொடங்கும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியா 0.25 பிபிஎம்மைத் தாண்டினால் மட்டும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள். இல்லையென்றால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதே மேல். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தெளியும்.

நாலைந்து மணி நேரம் கரண்ட் போனால் கேனிஸ்டரை (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய ஃபில்டர்) அப்படியே ஆன் செய்ய வேண்டாம். உள்ளே தேங்கிய நீர் கெட்டிருக்கும். அதைக் கொட்டிவிட்டு, ஸ்பாஞ்ச் முதலிய மீடியாவைத் தொட்டித் தண்ணீரில் ஒரு முறை முக்கியெடுத்துப் போடவும்.

பச்சைக்கு யூவிதான். இந்த அளவுத் தொட்டிக்கு 5 முதல் 9 வாட் போதும், பம்ப் மெதுவாகத் தள்ள வேண்டும். சில நாளிலேயே பின்கண்ணாடி தெரியும். ஆனால் ஜன்னல் வெயில் நேராக விழுந்தால் அணைத்த கொஞ்ச நாளில் பச்சை திரும்பும். போர்வெல் தண்ணீரில் பல்பை மூடிய குவார்ட்ஸ் உறை மேல் சுண்ணாம்பு படியும், வினிகரில் ஊற வைத்துத் துடைக்கலாம். முழு நேரம் எரிந்த பல்ப் ஒரு வருடத்தில் நீலமாகவே ஒளிர்ந்தாலும் யூவி குறைந்திருக்கும், மாற்றிவிடுங்கள். இரும்புச் சத்து உள்ள திரவ உரம் ஊற்றும் நாளில் அணைத்து வையுங்கள், இரும்பைச் செடிக்குக் கிடைக்கும்படி கரைத்து வைத்திருக்கும் சீலேட்டை யூவி சிதைத்துவிடும். கூடு இல்லாமல் வெறும் குழாயாக விற்பதை மலிவு என்று வாங்க வேண்டாம். இலையும் கருகும், கண்ணுக்கும் ஆபத்து.