நாய் விந்தைக் குளிரில் வைக்க ட்ரிஸ்-மஞ்சள் கரு: நீண்ட காலப் பயன்பாட்டில் தெரிந்தவை

நாய் விந்தை 4–5 டிகிரியில் இரண்டு நாள் வைத்திருந்து கருவூட்ட, விலை கூடிய ரெடிமேட் எக்ஸ்டெண்டர் (விந்தோடு கலந்து அதைக் காக்கும் திரவம்) கட்டாயமில்லை. பழைய ட்ரிஸ்-மஞ்சள் கரு கலவையே போதும். விந்தணு செத்தால் முதலில் திட்டு வாங்குவது கலவைதான். ஆனால் கோளாறு பெரும்பாலும் அதற்கு முன்னாலோ பின்னாலோ இருக்கும்.

ட்ரிஸ் (அமில-காரச் சமநிலையைக் காக்கும் உப்பு போன்ற பொடி) 3.025 கிராம், சிட்ரிக் அமிலம் 1.7 கிராம், ஃப்ரக்டோஸ் 1.25 கிராம், இவற்றைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து 100 மி.லி. ஆக்க வேண்டும். அதில் 80 மி.லி.க்கு 20 மி.லி. மஞ்சள் கரு. ஒவ்வொரு மி.லி.க்கும் பென்சிலின் 1000 யூனிட், ஸ்ட்ரெப்டோமைசின் 1 மி.கி. மஞ்சள் கருவை வடிதாளில் உருட்டி, ஒட்டியிருக்கும் வெள்ளைக் கருவை எடுத்துவிட்டு, ஜவ்வைக் குத்தி உள்ளிருப்பதை மட்டும் உறிஞ்சவும். கலவையை இரவு முழுக்க ஃபிரிட்ஜில் அசையாமல் வைத்து மேல்தெளிவை எடுத்தால் மைக்ரோஸ்கோப்பில் கொழுப்புத் துளிகள் தொல்லை தராது. மீதியை 10 மி.லி. குப்பிகளில் உறைய வைக்கலாம். ஒருமுறை இளகியதைத் திரும்ப உறைய வைக்கக் கூடாது.

விந்து எடுக்கும்போது முதலில் வரும் தெளிந்த நீர் வேண்டாம். பால் போல வரும் இரண்டாம் பகுதிதான் சரக்கு. மறுபடி தெளிந்து வரத் தொடங்கினால் அது புரோஸ்டேட் நீர். உடனே குழாயை மாற்றுங்கள். பெரிய நாய்களில் இது 20 மி.லி.யைத் தாண்டும், குளிரில் வைக்கும் விந்துக்கு இதுவே முதல் எதிரி. கலந்துவிட்டால் 700 ஜி விசையில் 5 நிமிடம் சுழற்றி, மேல்நீரைக் கொட்டிவிட்டுக் கலவை சேர்க்கலாம். ரப்பர் பிஸ்டன் வைத்த சாதாரண சிரிஞ்சும், லேடெக்ஸும், ஒரு சொட்டுத் தண்ணீரும்கூட விந்தணுவைக் கெடுக்கும்.

மைக்ரோஸ்கோப்பில் நகரும் விந்தணுக்கள் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குளிர்விப்பது வீண். விந்தும் கலவையும் ஒரே வெப்பத்தில், 35–37 டிகிரியில் இருக்கும்போது, ஒரு பங்கு விந்துக்கு மூன்று முதல் ஐந்து பங்கு கலவையை மெதுவாக விடவும். குழாயில் காற்று மிஞ்சாமல் நிரப்பினால் வழியில் குலுங்காது.

அதிகம் சொதப்புவது குளிர்விப்பதில்தான். நேராக ஃபிரிட்ஜில் வைத்த குழாய் 18 டிகிரியிலிருந்து 5க்குச் சட்டென்று இறங்கும். அந்த இடைவெளியில்தான் விந்தணுவின் ஜவ்வு உடைகிறது. ஸ்லைடில் பார்த்தால் வால் சுருண்டிருக்கும், நேரே போகாமல் வட்டமடிக்கும். தீர்வு எளிது: 250 மி.லி. பீக்கரில் அறை வெப்பத் தண்ணீர், அதற்குள் குழாய், பீக்கரோடு ஃபிரிட்ஜின் நடுத்தட்டில். இறங்க ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும், ஆகட்டும். கதவுத் தட்டு வேண்டாம், அடிக்கடி சூடேறும். பின்சுவரை ஒட்டியும் வேண்டாம், உறைந்துவிடும். பக்கத்திலேயே ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டர் போட்டுவைப்பது, ஃபிரிட்ஜின் டயலை நம்புவதைவிட மேல்.

அனுப்பும்போது ஐஸ் பேக் குழாயைத் தொடக் கூடாது. செய்தித்தாளில் நான்கைந்து சுற்றுச் சுற்றி, வாய் அகன்ற ஃபிளாஸ்க்கிலோ தடித்த தெர்மாகோல் பெட்டியிலோ வைக்கலாம்.

பெட்டியைத் திறந்ததும் ஒரு சொட்டைப் பார்த்துவிட்டு "எல்லாம் செத்துடுச்சு" என்று கொட்டிவிடுபவர்கள் உண்டு. குளிரில் அவை அசையாமல் கிடப்பது இயல்பு. குழாயை இரண்டு மூன்று முறை மெல்லத் தலைகீழாக்கி, ஒரு சொட்டை மட்டும் 37 டிகிரியில் 5 நிமிடம் வைத்துப் பாருங்கள். மொத்தத்தையும் சூடாக்கித் திரும்பக் குளிர்விப்பதுதான் உண்மையான கொலை.

ரத்தம் கண்ட நாளிலிருந்து எண்ணி 11ஆம் நாள், 13ஆம் நாள் என்று விந்து போடும் கணக்கு இதற்கு உதவாது. குளிர்ந்த விந்தணுவுக்குப் பெட்டையின் உடலுக்குள் ஆயுள் குறைவு. நாயின் கருமுட்டையோ வெளிவந்த பிறகும் முதிர இரண்டு நாளுக்கு மேல் எடுக்கும். ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மி.லி.க்கு 5 நானோகிராம் தாண்டிய நாளைப் பிடித்து, அதிலிருந்து இரண்டாம் நாளும் நான்காம் நாளும் போடலாம். நகரும் விந்தணு ஒரு முறைக்கு 15 முதல் 20 கோடி இருக்க வேண்டும். போட்டதும் பெட்டையின் பின்பகுதியை 10 நிமிடம் உயர்த்திப் பிடிக்கவும். வயிற்றை அழுத்தாமல், தொடையைப் பிடித்து.