டிரெட் காம்பவுண்ட்: கார்பன் பிளாக்கா, சிலிக்காவா?

தரையைத் தொட்டு ஓடும் டிரெட் ரப்பருக்குப் பலம் சேர்க்க எந்தப் பொடியைப் போடுவது என்பது டயர் காம்பவுண்ட், அதாவது டயருக்கான ரப்பர் கலவை, உருவாக்குகிற யாரும் தப்ப முடியாத கேள்வி. கரிப்பொடியான கார்பன் பிளாக், மணலில் இருந்து எடுக்கும் வெள்ளைப் பொடியான சிலிக்கா என்று இரண்டு பேர்தான் போட்டியில். பொடியை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது என்பது என் கருத்து. எந்த ரப்பர், அதைக் கலக்கும் இயந்திரமான மிக்சர் எது, எந்த வண்டி என்று மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். "ஐரோப்பாவில் எல்லாரும் சிலிக்காவுக்குப் போய்விட்டார்கள், நாமும் போவோம்" என்று கிளம்புவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆரம்பகால டயர்கள் வெளிர் நிறத்தில்தான் இருந்தன. ரப்பரோடு துத்தநாக ஆக்ஸைடு கலந்த காலம் அது. கார்பன் பிளாக் ரப்பருக்கு வலிமை தரும் என்பதை லண்டன் சில்வர்டவுனில் 1904-ல் கண்டறிந்தார்கள். அப்புறம் டயர் கறுப்பானது, பல மடங்கு உழைத்தது. ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் கார்பன் பிளாக்குக்கு எதிரியே இல்லை. 1990களின் தொடக்கத்தில் மிஷலின், கார் டயரின் டிரெட்டில் கார்பன் பிளாக்கின் பெரும்பங்கை எடுத்துவிட்டு சிலிக்காவைப் போட்டது. போட்டி அங்கேதான் ஆரம்பித்தது.

சிலிக்கா ஏன் வந்தது? டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி விரிகிறது. கார்பன் பிளாக் துகள்கள் ரப்பருக்குள் ஒன்றையொன்று தொட்டு ஒரு வலைபோல நிற்கும். நசுங்கும்போது அந்த வலை உடையும், விட்டால் மறுபடி சேரும். இப்படி உடைந்து சேரும்போதெல்லாம் கொஞ்சம் சக்தி சூடாகப் போய்விடுகிறது. இதுதான் உருளல் தடை. கார் குடிக்கிற எரிபொருளில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு இதற்கே போகிறது. சிலிக்காவை ரப்பரோடு ரசாயனமாகப் பிணைத்துவிட்டால் துகளுக்குத் துகள் உண்டாகும் வலை பலவீனமாகிறது, சூடு குறைகிறது.

ஆய்வகத்தில் இதை டான் டெல்டா என்ற அளவில் பார்ப்போம். ரப்பர் நசுங்கி விரியும்போது எவ்வளவு சக்தி சூடாகப் போகிறது என்பதைக் காட்டும் எண் அது. 60 டிகிரி செல்சியஸில் அது குறைவாக இருந்தால் எரிபொருள் மிச்சம். 0 டிகிரியில் அதிகமாக இருந்தால் ஈரச் சாலையில் பிடி நன்றாக இருக்கும். கார்பன் பிளாக்கில் ஒன்றைக் குறைத்தால் மற்றதும் கூடவே குறையும். சிலிக்காவில் இரண்டையும் எதிரெதிர்த் திசையில் நகர்த்தலாம். மழையில் பிரேக் அடிக்கிற தூரமும் குறைகிறது, பெட்ரோல் செலவும் குறைகிறது என்றால் கார் டயர் செய்பவர் வேறென்ன கேட்பார்?

ஆனால் இந்த லாபம் சும்மா வருவதில்லை. இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறுகள் பெரும்பாலும் மிக்சிங் அறையில்தான் நடக்கின்றன.

கார்பன் பிளாக்கும் ரப்பரும் இயல்பாகவே ஒத்துப்போகும். பான்பரி என்ற மூடிய மிக்சரில் ரப்பரைப் போட்டு, கார்பன் பிளாக், எண்ணெய் சேர்த்து, 160 டிகிரி பக்கம் வந்ததும் கீழே தள்ளினால் பெரும்பாலும் ஒழுங்கான காம்பவுண்ட் கிடைத்துவிடும். சிலிக்கா அப்படி அல்ல. அதன் மேற்பரப்பு முழுக்க தண்ணீரை விரும்பும் ரசாயனக் குழுக்கள். ரப்பரோடு சேராமல், ஈர மாவைப்போல தன்னோடு தானே ஒட்டிக் கட்டியாகும். அதைப் பிரித்து ரப்பரோடு இணைக்க சிலேன் என்ற இணைப்பான் தேவை. பரவலாகப் பயன்படுவது டி.இ.எஸ்.பி.டி. அதன் ஒரு முனை சிலிக்காவைப் பிடிக்கும், கந்தகம் உள்ள மறுமுனை, டயர் வெந்து இறுகும்போது, அதாவது வல்கனைஸ் ஆகும்போது, ரப்பரைப் பிடிக்கும்.

ஒரு கார் டிரெட்டை எடுத்துக்கொள்வோம். 100 பங்கு ரப்பருக்கு 80 பங்கு சிலிக்கா. சிலேன், சிலிக்காவின் எடையில் ஏறத்தாழ 8 சதவீதம், அதாவது 6.4 பங்கு. சிலேன் சிலிக்காவைப் பிடிக்கும் வினை மிக்சருக்குள்ளேயே நடந்து முடிய வேண்டும். அதற்கு 140 முதல் 155 டிகிரி வரை சில நிமிடங்கள் நிலையாக ஓட்ட வேண்டும். கீழே போனால் வினை பாதியில் நிற்கும். 160-ஐத் தாண்டினால் சிலேனில் உள்ள கந்தகம் வெளியே வந்து, காம்பவுண்ட் மிக்சருக்குள்ளேயே வேக ஆரம்பிக்கும். மிக்சருக்குள் சுழன்று அரைக்கும் ரோட்டரின் வேகத்தைக் கூட்டிக் குறைத்து அந்தக் குறுகிய இடைவெளிக்குள் நிறுத்துவதற்குத் திறமையான ஆபரேட்டரும் நல்ல கட்டுப்பாட்டுக் கருவியும் வேண்டும். வினையில் எத்தனால் ஆவி வெளிவரும். அதை உறிஞ்சி எடுக்கும் வசதி இல்லாவிட்டால் ஷீட்டில் சிறு குமிழிகள் தெரியும்.

அதோடு முடியவில்லை. வல்கனைஸ் ஆவதை வேகப்படுத்தும் ஆக்ஸிலரேட்டரை சிலிக்கா தன் மேல் இழுத்துக்கொள்வதால், டி.பி.ஜி. என்ற துணை ஆக்ஸிலரேட்டரைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். மில்லில் இருந்து வந்த ஷீட்டை இரண்டு நாள் வைத்தால், சரியாகப் பிணையாத சிலிக்கா மறுபடி கூடிக்கொள்ளும், மூனி (காம்பவுண்டின் இறுக்கத்தைக் காட்டும் அளவு) ஏறிவிடும், டிரெட்டைப் பிதுக்கி வடிவம் கொடுக்கும் எக்ஸ்ட்ரூடரில் அது முரண்டு பிடிக்கும். இரண்டு அல்லது மூன்று கட்ட மிக்சிங் என்பதால் மின்செலவும் அதிகம், ரோட்டர் தேய்மானமும் அதிகம். கார்பன் பிளாக்கை விட சிலிக்கா கடினமான பொருள்.

இன்னொன்று: சிலிக்கா மின்சாரத்தைக் கடத்தாது. வண்டியில் சேரும் நிலைமின்சாரம் தரைக்குப் போக வழி வேண்டும் என்பதற்காக டிரெட்டின் நடுவில் கார்பன் பிளாக் காம்பவுண்டில் ஒரு மெல்லிய பட்டையை மேலிருந்து கீழ்வரை விடுகிறார்கள். சில புதிய கார் டயர்களில் டயரைச் சுற்றி ஓடும் ஒரு கோடாக அது கண்ணுக்கே தெரியும்.

சரி, லாரிக்கு வருவோம். இங்கே என் வாக்கு தயங்காமல் கார்பன் பிளாக்குக்குத்தான்.

கார் டிரெட்டில் சிலிக்கா ஜெயித்ததற்குப் பாதிக் காரணம் அதனோடு சேர்ந்த ரப்பர். அது சொல்யூஷன் எஸ்.பி.ஆர். என்ற செயற்கை ரப்பர். செயற்கை என்பதால் அதன் மூலக்கூறையே சிலிக்காவுக்கு ஏற்றபடி வடிவமைக்கலாம். லாரி டிரெட் பெரும்பாலும் இயற்கை ரப்பர். இழுக்கும்போது அது படிகமாகி, கிழிசல் பரவாமல் தடுக்கும். பாரம் சுமக்கிற தடித்த டயருக்கு அந்தக் குணம்தான் உயிர். ஆனால் அதில் உள்ள புரதம் முதலிய பொருட்கள் சிலேனின் வேலைக்குக் குறுக்கே நிற்கின்றன. 150 டிகிரியில் நிமிடக்கணக்கில் அரைத்தால் இயற்கை ரப்பரின் சங்கிலியும் அறுபடும். இணைப்பு முழுமையாகாத இடத்தில் தேய்மானம் கூடும். என்.234 போன்ற நுண்ணிய கார்பன் பிளாக் ஐம்பது பங்கு அளவில் தரும் தேய்மான ஆயுளை, இயற்கை ரப்பரில் சிலிக்கா எட்டுவது கஷ்டம்.

நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரி உரிமையாளர்களிடம் பேசிப் பாருங்கள். டயர் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எத்தனை முறை ரீட்ரெட் போடலாம் என்றுதான் கணக்குப் போடுவார்கள். டீசல் மிச்சமும் முக்கியம்தான், லாரியில் உருளல் தடையின் பங்கு காரை விடவும் அதிகம். ஆனால் டிரெட் சீக்கிரம் தேய்ந்து போனால் அந்த மிச்சத்தை டயர் கடையில் கொடுத்துவிட வேண்டியதுதான்.

அதற்காக லாரி காம்பவுண்டில் சிலிக்காவே கூடாது என்று சொல்லவில்லை. கார்பன் பிளாக்கோடு 10-15 பங்கு சேர்த்தால் கல் குத்தி டிரெட் பெயர்வது குறைகிறது. குவாரிக்குள் ஓடும் டிப்பர்களுக்கு அது உபயோகமான சேர்க்கை.

சுற்றுச்சூழல் பக்கம் பார்த்தால், கார்பன் பிளாக் கச்சா எண்ணெயின் கனமான எச்சத்தை எரித்து வருவது. சிலிக்கா மணலில் இருந்து வந்தாலும், மணலையும் சோடா சாம்பலையும் உருக்கச் செலவாகும் வெப்பம் கொஞ்சநஞ்சமல்ல. நெல் உமிச் சாம்பலில் இருந்து எடுக்கும் சிலிக்காவை குட்இயர் டயரில் பயன்படுத்தி வருகிறது. இதை நான் ஆவலோடு கவனிக்கிறேன். நம்மூர் ரைஸ் மில் பாய்லர்களில் எரிவதும் அதே உமிதான். ஆனால் சூடு கூடி எரிந்தால் சிலிக்கா படிகமாகிவிடும், கரைத்து எடுப்பது சிரமம். எரிக்கும் முறையில் இருந்தே கவனம் தேவை.

உண்மையான இழுபறி இருப்பது இருசக்கர வாகன டயரில். தரையைத் தொடும் பரப்பு மிகச் சிறியது, மழையில் வழுக்கினால் ஆள் விழுவார். அதனால் ஈரப் பிடிக்காக சிலிக்கா பக்கம் சாய்வதில் நியாயம் இருக்கிறது. விலையையும் ஆயுளையும் பார்க்கும் தினசரி பைக்குக்கு கார்பன் பிளாக்கே போதும் என்ற வாதத்திலும் நியாயம் உண்டு. வேகமான பைக்குகளின் முன் டயருக்காவது சிலிக்கா வர வேண்டும் என்பேன்.

வெப்பநிலையைக் கட்டுப்படுத்த முடியாத பழைய மிக்சர் வைத்திருக்கும் சிறு தொழிற்சாலைக்கு என் ஆலோசனை வேறு: கார்பன் பிளாக்கிலேயே இருங்கள், அதன் பரவலைச் சீராக்குங்கள். சிலிக்காவை முயன்றே ஆக வேண்டுமென்றால், முதல் பேட்ச் வந்த அன்று ஒருமுறையும் ஒரு வாரம் வைத்து மறுமுறையும் மூனி பாருங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் சிலேன் வேலை முடியவில்லை என்று அர்த்தம், அந்தக் காம்பவுண்டை டயருக்கு அனுப்பாதீர்கள்.